சின்னம்மா வாங்கிய சாய்மனைக் கதிரை

சனிக்கிழமை வந்தால் எனக்குத் தும்மல் தொடங்கிவிடும். பழைய சாமான் கடைகளில் இருக்கிற தூசி ஒரு தனி இனம். தெருத் தூசிபோல மேலே படிந்து, ஒரு தட்டுத் தட்டினால் போய்விடுகிற மரியாதை அதற்குக் கிடையாது. மூக்குக்குள் போய்க் குடியிருக்கும். ஞாயிறும் திங்களும் தும்மி, செவ்வாய்க்கிழமை கொஞ்சம் ஆறி, இனிப் பரவாயில்லை என்று நினைக்கிறபோது அடுத்த சனிக்கிழமை வந்து நிற்கும். முற்றத்தில் ஸ்கூட்டியின் ஹோர்ன் இரண்டு தரம் கேட்கும். "வெளிக்கிட்டாச்சோ?" என்று சின்னம்மாவின் குரல் கேட்கும். நான் வாயில் இருந்த புட்டை விழுங்கியும் விழுங்காமலும் ஓட வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் சின்னம்மாவுக்குப் பொறுக்காது.

சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தார். பட்டணத்தில் ஒரு வங்கியில் வேலை. வயது முப்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தது, கலியாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில் காலைத் தேத்தண்ணீரோடு தொடங்கி இரவுச் சாப்பாட்டோடு முடிகிற கவலை அது ஒன்றுதான். சின்னம்மாவைத் தவிர எல்லோருக்கும் அந்தக் கவலை இருந்தது. அவருக்கு இருந்தது வேறொரு வியாதி. இருப்புக் கொள்ளாது. ஒரு இடத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல அவர் இருந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டு சாப்பிடுவார், நடந்துகொண்டு தொலைபேசியில் கதைப்பார். தொலைக்காட்சி பார்க்கிறபோதுகூட வாசல் நிலையில் சாய்ந்து, ஒரு காலை உள்ளேயும் மற்றக் காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நிற்பார். "உனக்கென்ன காலிலை ஸ்கூட்டிச் சில்லோ பூட்டியிருக்கு?" என்று அம்மா திட்டுவார். சின்னம்மா அந்தத் திட்டைக் கேட்டு முடிப்பதற்கும் நிற்கமாட்டார்.

இணுவிலில் எங்கள் வளவு நீளமானது. அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீட்டில் நாங்கள் இருந்தோம். கிணற்றுக்கு அந்தப் பக்கம், கிழக்கு மூலையில், சின்னம்மாவுக்கென்று இன்னொரு வீடு. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால் கூடவே ஒரு வீடும் பிறந்துவிடும். பிள்ளை வளர வளர அதுவும் அத்திவாரம், சுவர், கூரை என்று வளரும். இப்போது எனக்கும் அதே வளவில் ஒரு அத்திவாரம் வெட்டிக் கிடக்கிறது, மழைக்காலத்தில் தவளைகள் அதற்குள் குடித்தனம் நடத்துகின்றன. சின்னம்மாவின் வீடு யுத்தத்தால் வெறும் சுவர்களோடு பல வருடங்கள் நின்றுபோய், யுத்தம் முடிந்த பிறகு, கனடாவில் இருக்கிற மாமாவின் புண்ணியத்தில் கூரை கண்டது. நிலத்துக்கு மாபிள் போட்டு, வர்ணம் பூசி, கதவைப் பூட்டித் திறப்பை அம்மா தன் அலுமாரி லாச்சிக்குள் வைத்துக்கொண்டார். கலியாணம் முடிந்து மாப்பிள்ளையோடுதான் அதற்குள் போய் இருக்கலாம். அதுவரை வெள்ளிக்கிழமைகளில் கூட்டி விளக்கு வைக்க மட்டும் கதவு திறக்கும். இது எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் மீறலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

ஒரு நாள் சின்னம்மா பட்டணத்தில் அந்த வீட்டுக் கதவுக்கு இன்னொரு திறப்பு வெட்டுவித்துக்கொண்டு வந்தார். "வீட்டை வெறுமனே விட்டால் பாழடைஞ்சு போம். நாலு சாமானாவது கிடக்கட்டும்" என்றார். அம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வீட்டைச் சோடிக்கிற பெண்ணுக்குக் கலியாண ஆசை வந்துவிட்டது என்று கணக்குப் போட்டார். மாமாவிடம் சொன்னால் புதுச் சோபாச் செற்றி இறக்கித் தருவார் என்றும் சொல்லிப் பார்த்தார். அதுதான் பிழையாய்ப் போனது.

"எந்த வீட்டுக்குப் போனாலும் அதே மண்ணிறச் செற்றி. அதுக்குப் பொலித்தீனும் கழட்டாயினம். அதே கண்ணாடி அலுமாரி, அதுக்குள்ளை அதே பிளாஸ்டிக் பூ. எந்த வீட்டுக்குள்ளை நிக்கிறன் எண்டே எனக்கு விளங்கிறேல்லை, அக்கா. எனக்கு ஒருத்தரிட்டையும் இல்லாத சாமான் வேணும்."

ஒருவரிடமும் இல்லாத சாமானைத் தேடி ஊரெல்லாம் கழித்துப்போட்ட சாமான்களுக்குள் போனவர் என் சின்னம்மாவாகத்தான் இருக்கும்.

பட்டணத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் பழைய சாமான் கடைகள் நிறையத் திறந்திருந்த காலம் அது. தெற்கிலிருந்து வியாபாரிகள் லொறிகளில் வந்து பழைய மரச்சாமான்களை அள்ளிக்கொண்டு போனார்கள். விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுச் சனம் ஆட்டுக்கல்லை விமானத்தில் ஏற்ற வழி விசாரித்தது. சின்னம்மா இவர்கள் எல்லோரோடும் போட்டி. ஒரு கடைக்குள் நுழைந்தால் நேராகக் கடைசிவரை போவார், திரும்புவார், குனிந்து மேசைகளின் அடியைப் பார்ப்பார், ஏணி கேட்டு ஏறிப் பார்ப்பார், இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்த கடைக்குப் பறப்பார். நான் பின்னால் தும்மிக்கொண்டு ஓடுவேன். பித்தளைச் செம்புகளையும் தாம்பாளங்களையும் எடுத்தால் முதலில் அடியைத் திருப்பிப் பார்ப்பார். எங்கள் ஆட்கள் பாத்திரத்தில் பெயரின் முதலெழுத்தை வெட்டி வைப்பார்கள். எழுத்து இருந்தால், அந்தச் சாமான் எவ்வளவு வடிவாக இருந்தாலும், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். "உது ஆற்றையோ வீட்டுச் சாமான். தேடி வந்தாலும் வருவினம்" என்பார். பெயரில்லாதவை மட்டும்தான் எங்கள் வீட்டுக்கு வந்தன.

அப்படி வந்தவற்றைப் பார்த்து அம்மா தலையில் கை வைத்தார். முதலில் வந்தது மூலைகளில் ரோசாப்பூ வரைந்த ஒரு பெரிய கண்ணாடி. ஏதோ மூடிப்போன சலூனில் தொங்கியதாம். "எத்தினை பேர் மயிர் வெட்டின கண்ணாடியோ, அதைக் கொண்டுவந்து கலியாண வீட்டிலை கொழுவிறாள்" என்று அம்மா புலம்பினார். அடுத்ததாக நீல நிற மருந்துப் போத்தல்கள் ஒரு பெட்டி. பிறகு சிவப்பும் பச்சையுமான கண்ணாடிகள் பதித்த ஒரு யன்னல் கதவு. அதைக் கிழக்குப் பக்கச் சுவரில் இருந்த யன்னலில் பூட்டியதும் வெயில் நிறம் நிறமாக உள்ளே வந்து விழுந்தது. குருநகர்ப் பக்கம் போனபோது வலையில் கட்டுகிற மர மிதவைகள் ஒரு கோர்வை வாங்கி வந்து ஹோலின் நடுவில் தொங்கவிட்டார். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத வீட்டுக்குள் மீன் வலைச் சாமான்! அம்மாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வருகிற ஒவ்வொரு சாமானையும் வாசல் படலையடியில் நிறுத்திவைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே விட்டார். எந்த வீட்டுத் துக்கம் எதில் ஒட்டியிருக்கிறதோ என்று பயம். மருந்துப் போத்தல்களில் ஒவ்வொன்றாகத் தெளித்தது எனக்கு நினைவிருக்கிறது.

வந்த சாமான்களும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இந்தக் கிழமை வடக்குச் சுவரில் இருந்த கண்ணாடி அடுத்த கிழமை தெற்கில் இருக்கும். போத்தல்கள் யன்னலுக்குப் போகும், மேசைக்கு வரும், திரும்பவும் யன்னலுக்குப் போகும். சின்னம்மா நடுவில் நின்று பார்ப்பார், உதட்டைக் கடிப்பார், "இல்லை, என்னமோ குறையுது" என்பார். அவ்வளவுதான், மறுபடி எல்லாம் இடம் மாறும்.

இந்தப் பயணங்களில் எனக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சின்னம்மாவுக்கு என்னில் அத்தனை பிரியம், அதனால்தான் கூட்டிப்போகிறார் என்று நான் நம்பினேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, ஒரு துண்டு பனங்கட்டியைக் கையில் தந்து, "எங்கையெங்கை போனனீங்கள்? ஆரோடை கதைச்சவள்?" என்று கேட்பார். நான் அலுமாரி, மேசை, கடைக்காரர், தூசி என்று ஒழுங்காக ஒப்புவிப்பேன். அம்மா நம்பாத முகத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு பெண் கிழமைக்குக் கிழமை வெளிக்கிட்டுப் போவது பழைய சாமானுக்காக மட்டும் இருக்கும் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் சண்டிலிப்பாயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சுவிசில் இருந்தார். குறிப்புப் பொருந்தியது. தாய் மட்டும் ஊரில், பழைய வீடொன்றில் தனியாக இருந்தார். கலியாணம் முடிந்ததும் பெண் சுவிசுக்குப் போய்விட வேண்டும், தாய் வந்து பெண்ணின் வீட்டில் இருப்பார், இதுதான் பேச்சு. இந்த வயதில் இப்படியொரு இடம் இனி வராது என்று அம்மாவும் மாமாவும் முடிவு கட்டிவிட்டார்கள். சின்னம்மாவிடம் கேட்டால், "பாப்பம்" என்பார். அந்தப் பாப்பத்துக்கு எத்தனை மாதம் ஆயுள் என்று தெரியாமல் அம்மா தவித்துக்கொண்டிருந்தார். சமைக்கிறபோது பெருமூச்சு விடுவார். உப்பை இரண்டு தரம் போடுவார். அப்பா அதைச் சொல்லாமல் சாப்பிட்டு எழும்புவார்.

கதிரை அகப்பட்டது அரியாலையில், கடல்நீரேரிக்குக் கிட்ட இருந்த ஒரு கடையில். கடை என்று சொன்னாலும் தகரக் கொட்டில்தான். வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு ஒரு இளம் முதலாளி இருந்தார். உள்ளே மூலையில் கவிழ்த்துப் போட்ட கட்டில்களுக்கு அடியில் அது கிடந்தது. நீண்ட கைகள் வைத்த சாய்மனைக் கதிரை. பிரம்பு பின்னிய முதுகு, பிய்யவில்லை. கைகளுக்கு அடியில் மடங்கியிருக்கிற இரண்டு பலகைகளை வெளியே இழுத்துத் திருப்பினால், கால் இரண்டையும் தூக்கி அதன்மேல் நீட்டிக்கொள்ளலாம். முன்பு எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்ததாம். அம்மாவின் தகப்பனார் தோட்டத்தால் வந்து அதில்தான் சாய்வாராம். அவர் எழும்பிப் போன பிறகும் வீட்டுப் பெண்கள் ஒருவரும் அதில் இருந்ததில்லையாம். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது அது இல்லை.

சின்னம்மா கட்டில்களைத் தள்ளச் சொல்லி, கதிரையை வெளியே இழுப்பித்து, கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அதில் இருந்தார். முதலாளி சிரித்தார். "அக்கா, ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன். அவர் இருந்து பாத்துச் சொல்லட்டும்."

"ஐயா நான்தான், தம்பி" என்றார் சின்னம்மா.

பிறகு பலகைகளை இழுத்துக் காலை நீட்டினார். முதுகைச் சாய்த்தார். நான் அடுத்த கடைக்குப் போகத் தயாராக வாசலில் நின்றேன். சின்னம்மா எழும்பவில்லை. நீரேரிப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. நான் ஒரு கட்டிலைச் சுற்றி வந்தேன், உடைந்த தையல் மெசினின் சில்லைச் சுற்றிப் பார்த்தேன், தும்மினேன், "சின்னம்மா, போவமோ?" என்று கேட்டேன். அவர் கண்ணை மூடியிருந்தார். ஒரு இடத்தில் அவர் அவ்வளவு நேரம் இருந்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்குப் பயமாகப் போய்விட்டது, தலைச்சுற்றாக்கும் என்று நினைத்தேன். முதலாளியும் வெற்றிலையை மெல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா தன் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் போய்க் கதிரையை ஏற்றி வந்தார். நான் குசினிக்குள் போய் வழக்கம்போல ஒப்புவித்தேன். "சாய்மனைக் கதிரை" என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்ததும் அம்மாவின் கை அகப்பையோடு நின்றது.

"என்ன கதிரையடி?"

திருப்பிச் சொன்னேன். அம்மாவின் முகம் விரிந்ததைச் சொல்லி மாளாது. அந்த வீட்டில் பிறந்த ஒரு பெண் சாய்மனைக் கதிரை வாங்குகிறாள் என்றால் அது யாருக்காக இருக்கும்? அதில் யார் இருப்பார்? பெண்பிள்ளை வாயால் ஓம் என்று சொல்ல வெட்கப்பட்டு, கதிரையால் சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தபோது கையெடுத்துக் கும்பிட்டும் வைத்தார். என்னிடம் யாரும் வேறொன்றும் கேட்கவில்லை, ஆகவே கடையில் சின்னம்மா சொன்னதை நானும் சொல்லவில்லை. அம்மா கனடாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கதைத்தார். கனடாவிலிருந்து சுவிசுக்குப் போனது. சுவிசிலிருந்து சண்டிலிப்பாய்க்கு வந்தது. மூன்று நாடுகளைச் சுற்றிய செய்தி கிணற்றைத் தாண்டிச் சின்னம்மாவிடம் மட்டும் போகவில்லை.

அவருக்குத் தெரியவந்தது மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதற்கு முதல் நாள் பின்னேரம். கடைகளைச் சுற்றி வந்து ஸ்கூட்டியை நிறுத்தியவரிடம் அம்மா சிரித்த முகத்தோடு சொன்னார். சின்னம்மா ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார்.

"நான் ஓம் எண்டு ஆரிட்டைச் சொன்னனான்?"

"நீதானேயடி கதிரை வாங்கினனீ!"

சின்னம்மா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் விளங்காமல் கூடச் சிரித்தார். பிறகு சின்னம்மாவின் சிரிப்பு நின்றது. "அக்கா, அது எனக்கு வாங்கினது. நான் இருக்கிறதுக்கு. எனக்கு அந்த வீட்டிலை இருக்கவேணும். நான் மட்டும்" என்றார். அம்மாவுக்கு அது தலைக்குள் ஏறவில்லை. தனியாகவா? ஆண் துணை இல்லாமலா? சனம் என்ன கதைக்கும்? கடைசியில் குரல் உடைந்து, "நாளைக்கு நான் கண்ணை மூடினா உன்னை ஆரடி பாக்கிறது?" என்று கேட்டார். அது நடிப்பில்லை. அம்மா உண்மையாகவே பயந்தார். வருகிறவர்களை வரவேண்டாம் என்று சொல்ல முடியாது, வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு கதைப்போம் என்று அம்மா முடித்துவிட்டார். சின்னம்மா தன் வீட்டுக்குள் போய்ச் சாமான்களை இழுத்து இழுத்து இடம் மாற்றுகிற சத்தம் விளக்கு வைக்கிற நேரம்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளையின் தாயும் தாயின் தமையனும் வந்தார்கள். தாய்க்கு முழங்கால் வருத்தம், மெதுவாக நடந்தார். பெரியவருக்குத் தடித்த மீசையும் நல்ல சுபாவமும். அம்மா அவர்களை நேராகச் சின்னம்மாவின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா பின்னால் போனார். நானும் போனேன், என்னை யாரும் தடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் தாய் வீட்டைச் சுற்றிப் பார்த்த விதம் எனக்கு நன்றாகப் பிடித்தது. சின்னம்மா கடைகளில் பார்ப்பதுபோலவே பார்த்தார். ஒவ்வொரு அறையாக நுழைந்து, அளந்து, யோசித்தார். "என்ரை கட்டில் உதிலை வரும். சாமி அறையை உந்தப் பக்கம் வைக்கலாம்" என்றார். நிமிர்ந்து மிதவைகளைப் பார்த்து மூக்கைச் சுளித்து, "உதைக் கழட்டவேணும், மச்சம் மணக்குது. உந்தக் கண்ணாடியையும் ஆருக்கும் குடுத்துவிடலாம்" என்றார். "அதுக்கென்ன, கழட்டலாம்" என்று அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மாப்பிள்ளையின் தாய் கெட்ட மனிதர் இல்லை. தான் இருக்கப்போகிற வீட்டைத் தனக்கு ஏற்றபடி யோசித்துப் பார்த்தார், அவ்வளவுதான். அவரும் தன் வீட்டில் படி ஏறி இறங்கிக் களைத்தவர்.

சின்னம்மா சேலை கட்டி, தேத்தண்ணீர்த் தட்டோடு கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கதிரை நல்ல வைரமான மரம்" என்றார் பெரியவர். கையால் தடவிப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கெண்டு தேடித் தேடி வாங்கினவள்" என்றார் அம்மா.

பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு இருக்கத் திரும்பினார். அப்போது சின்னம்மா விறுவிறுவென்று வந்து, தட்டை மேசையில் வைத்துவிட்டு, அவருக்கு முந்தி அந்தக் கதிரையில் இருந்துவிட்டார்.

பெரியவர்தான் முதலில் சமாளித்துச் சிரித்தார். "பிள்ளை, உது ஆம்பிளையள் இருக்கிற கதிரையெல்லே."

"ஓம் மாமா. ஆனா உது என்ரை."

சொல்லிவிட்டு இரண்டு பக்கத்துப் பலகைகளையும் இழுத்தார். சேலையைக் கணுக்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முதலில் ஒரு காலையும் பிறகு மற்றக் காலையும் தூக்கி வைத்தார். சாய்ந்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். சின்னம்மா மாப்பிள்ளையின் தாயைப் பார்த்துச் சொன்னார். "நான் சுவிசுக்குப் போகேல்லை, மாமி. அக்கா பிழையா விளங்கிக்கொண்டா. உங்களை இவ்வளவு தூரம் அலைய வைச்சதுக்குக் கோவிக்காதேங்கோ. எனக்கு இவ்வளவு காலமும் எங்கையும் இருந்து பழக்கமில்லை. இனி இஞ்சை இருந்து பழகவேணும்."

மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணீரைத் தொடாமல் வெளியே நடந்தார். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய கோபம் கிடையாது. பெரியவர் மட்டும், ஊற்றிய தேத்தண்ணீரை வீணாக்க மனமில்லாமல், நின்றபடியே ஒரே இழுவையில் குடித்துவிட்டுப் பின்னால் போனார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு இருமினார். அந்த இருமல் எனக்குச் சிரிப்பைப்போலக் கேட்டது. அன்றைக்கு முழுவதும் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கதிரை பலமான கதிரை."

பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் நினைக்கிறதுதான். கனடாவிலிருந்து மாமா சத்தம் போட்டது தொலைபேசி இல்லாமலே கேட்டிருக்கும். அம்மா அழுதார், தங்கையோடு கதைப்பதை நிறுத்தினார். சின்னம்மா தன் தலையணையையும் உடுப்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு கிணற்றைத் தாண்டிப் போய்விட்டார். நல்ல நாள் பார்க்கவில்லை, பாலும் காய்ச்சவில்லை. ஊர் கொஞ்சக் காலம் கதைத்தது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என்னிடமே, "உங்கடை சின்னம்மாவுக்கு விசரோ?" என்று கேட்டாள். தலையில் ஒரு குட்டு வைத்தேன். ஆனால் கோபம் வேறு, சோறு வேறு. இரண்டு நேரமும் அம்மா ஒரு கோப்பையில் சோறும் கறியும் போட்டு, இன்னொரு கோப்பையால் மூடி, "அங்கை குடு" என்று என் கையில் தருவார். யாருக்கு என்று சொல்லமாட்டார். நான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேன். சின்னம்மாவின் காலில் இருந்த சில்லு என் காலுக்கு மாறிவிட்டது.

அதன் பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டுவிட்டது. பசியோடு ஓடி வந்தால் வீட்டில் ஒருவரும் இல்லை. அப்பா தோட்டத்தில். குசினியில் அடுப்பை அணைத்துச் சோற்றுப் பானையை இறக்கி வைத்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. அலுமாரியின் லாச்சி திறந்து கிடந்தது. கிணற்றடிக்குப் போனேன். சின்னம்மாவின் வீட்டுக் கதவு கொஞ்சம் நீங்கியிருந்தது. சின்னம்மா வேலைக்குப் போயிருந்தார்.

எட்டிப் பார்த்தேன். அம்மா அந்தச் சாய்மனைக் கதிரையில் இருந்தார். பலகைகளை இழுத்து, கால் இரண்டையும் அதன்மேல் நீட்டியிருந்தார். நித்திரை இல்லை, கண் திறந்துதான் இருந்தது. சிவப்பும் பச்சையுமாகச் சுவரில் விழுந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி, கால் பெருவிரல்களை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். அம்மாவை அப்படி நான் அதற்கு முதல் பார்த்ததில்லை. அவருடைய சொந்த வீட்டில் அவர் இருந்து நான் பார்த்தது குசினிப் பலகையில்தான். அதுவும் தேங்காய் துருவுகிறபோது.

"அம்மா" என்றேன்.

துள்ளி எழும்பினார். தோளில் கிடந்த துவாயை இழுத்துக் கதிரையின் கையை அழுத்தி அழுத்தித் துடைக்கத் தொடங்கினார். "ஒரே தூசியடி. உவள் எங்கை துடைக்கிறாள். மரம் பழுதாப் போமெல்லே" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தூசியைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்? அம்மாவுக்குக் கோபம் ஆறிவிட்டது, தங்கையின் சாமானைத் துடைத்து வைக்கிறார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பின்னேரம் சின்னம்மா வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். "அம்மா இண்டைக்கு உங்கடை கதிரையைத் துடைச்சவ."

சின்னம்மா ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எப்பிடித் துடைச்சவ?"

"இருந்துகொண்டு. காலை நீட்டிக்கொண்டு."

அவர் மற்றச் செருப்பைக் கழற்ற மறந்துபோனார். அப்படியே வாசற்படியில் குந்தியிருந்து, எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். குசினிப் புகைக்கூட்டால் புகை போய்க்கொண்டிருந்தது. சின்னம்மா சிரித்தார் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை ஹோர்ன் கேட்டது. அன்றைக்குச் சின்னம்மா ஒரு அலுமாரியையும் திறந்து பார்க்கவில்லை, ஒரு செம்பையும் திருப்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: சாய்மனைக் கதிரை இருக்கோ? இல்லை என்றால் ஸ்கூட்டியைத் திருப்பினார். வெயில் ஏறி, தாகம் எடுத்து, என் கால்கள் சோர்ந்த பிறகு எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களிட்டை ஒண்டு இருக்குத்தானே, சின்னம்மா? மற்றது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"தூசி துடைக்கிற ஆளுக்கு" என்றார்.

தூசி துடைக்கிறவர் நின்றுகொண்டுதானே துடைப்பார், அவருக்கு எதற்குக் கதிரை என்று வீடு வரும்வரை யோசித்தேன். எனக்கு விளங்கவே இல்லை.